கங்காதரோடான் என்ன தின்னும்?

அன்புள்ள ஐயா,

அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். சிறுவயதில் தூர்தர்ஷனில் நான் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்த சூப்பர்ஹீரோ தொடரான சக்திமானை, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு யூடியூபில் காட்டினேன். அவனுக்கு ஏற்கெனவே டைனோசார் பைத்தியம். இப்போது சக்திமான், வில்லன் கில்விஷ், சக்திமானின் மாறுவேடமான கங்காதர் ஆகியோரை வைத்து 'சக்திமானோசாரஸ்', 'கில்விஷோராப்டர்', 'கங்காதரோசெரடாப்ஸ்' என்று அறிவியல் நோட்டு முழுக்கப் பெயர் எழுதி வைத்திருக்கிறான். "இல்லாததை எழுதப் பழக்காதீங்க" என்று பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள். நிறுத்தச் சொல்லவா?

ம., சேலம்

அன்புள்ள ம.,

நிறுத்தச் சொல்லாதீர்கள். கடிதத்தைப் படித்ததும் அந்த நோட்டைப் பார்க்க எனக்கு ஆசையாகிவிட்டது.

ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 'டைனோசார்' என்ற சொல்லே 1842-இல் ரிச்சர்ட் ஓவன் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி உண்டாக்கியது. அச்சம் தரும் பல்லி என்று பொருள். பிரேசிலில் ஒரு கழுத்தெலும்பை வைத்து அடையாளம் கண்ட ஊனுண்ணி டைனோசாருக்கு, மார்வெல் கதைகளின் வில்லன் தானோஸின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கில்விஷுக்கும் தாராளமாக இடம் உண்டு.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் 'ஏன் இந்தப் பெயர்?' என்று அவனிடம் கேளுங்கள். 'ராப்டர்' என்றால் பறித்துப் போகிறவன். வெளிச்சத்தைப் பறிக்கிற கில்விஷுக்கு இதைவிடப் பொருத்தமாக நானே யோசித்திருக்க முடியாது. 'செரடாப்ஸ்' என்றால் கொம்புமுகம். கங்காதருக்கு ஏது கொம்பு? அவருக்கு இருப்பது மூக்குக்கண்ணாடியும் முன்னால் நீண்ட பல்லும்தான். பல்லைக் குறிக்க 'ஓடான்' என்று சேர்ப்பார்கள். இகுவானாவின் பல்லைப் போல இருந்ததால் 1825-இல் கிடியன் மேன்டெல் 'இகுவானோடான்' என்று பெயரிட்டார். அந்தக் கணக்கில் இது கங்காதரோடான். சொல்லிப் பாருங்கள், வாய்க்கே நன்றாக இருக்கிறது.

அப்புறம், தமிழிலும் வைக்கச் சொல்லுங்கள். மரங்கொத்தி, எறும்புதின்னி, கொம்பன் என்று ஒரு உயிர் செய்வதையும் அதன் உடம்பையும் பார்த்துப் பெயர் வைப்பது நமக்குப் பழக்கமானதுதானே. சக்திமான் சுழன்றுகொண்டே கிளம்புவாரே, அவர் பெயரிலுள்ள டைனோசார் 'சுழல்வாலன்'. கில்விஷ் 'இருள்பரப்பி'. எனக்கு இவை கிரேக்கப் பெயர்களைவிடப் பிடிக்கின்றன.

பள்ளியில் சொன்னதிலும் பாதி நியாயம் உண்டு. நிஜப் பெயரும் அவன் பெயரும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தால் பிறகு அவனே குழம்புவான். அவன் பெயர்களுக்குத் தனி நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

ஊர்ப் பெயரையும் சேர்க்க ஆசைப்படுவான். 2003-இல் பெயரிட்ட 'ராஜாசாரஸ் நர்மதென்சிஸ்' என்ற டைனோசார் நர்மதைக்காரன் என்பதால், இவன் 'ஏற்காடென்சிஸ்' என்று எழுதக்கூடும். எழுதட்டும். ஆனால் ஏற்காடு போகும்போது கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தி அந்தக் கரும்பாறையைத் தொட்டுக் காட்டுங்கள். சார்னோகைட் என்ற பாறை அது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை. டைனோசார்கள் வந்ததே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பூமிக்குள் ஆழத்தில் வெந்து இறுகிய இந்தப் பாறையில் எலும்பு கிடைக்காது.

எலும்பு கிடைத்த மண் வேண்டுமென்றால் அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். அங்கே கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு 1980-களில் நம் நாட்டு ஆய்வாளர்கள் சமஸ்கிருதத்திலிருந்து 'பிருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்ட பல்லி. அந்த எலும்புகள் பிறகு பொடிந்துபோயின. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. படங்களும் பெயரும்தான் மிச்சம். போகிற வழியில் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. கட்டாயம் நிறுத்துங்கள்.

சரி, எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். பல்லைப் பார்த்தால் ஒரு பிராணியின் தீனி தெரியும் என்பார்கள். முன்னால் நீண்ட அந்தப் பல்லை வைத்துக்கொண்டு கங்காதரோடான் என்ன தின்னும்? அவனையே கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.