பதில்: சிடிஎல் (அமெரிக்க வணிக ஓட்டுநர் உரிமம்) ஏர் பிரேக் சோதனையில் வரிசை குழம்புகிறது

எழுத்துத் தேர்வில் தேறியும், கேபினுக்குள் ஏறியதும் வரிசை மறந்து தோற்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், வரிசை தானாக வரும். முதலில் நிறைந்த அழுத்தம் கசியாமல் நிற்கிறதா என்று பார்க்கிறோம், பிறகு அதை வெளியேற்றுகிறோம்.

சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காற்று டாங்க் நிறைந்ததும் என்ஜினை நிறுத்துங்கள். சாவி ஆனில் இருக்கட்டும், பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். பெடலை முழுதாக மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். அழுத்தம் தனி வண்டியில் 3 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அலகு) மேல், டிரெய்லர் சேர்ந்ததில் 4-க்கு மேல் இறங்கக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான்: மிதித்த உடனே அழுத்தமானியின் முள் சட்டென்று இறங்கும், அது கசிவல்ல. முள் நின்ற பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

அப்புறம் பெடலை விட்டு விட்டு மிதியுங்கள். காற்று குறைந்து எச்சரிக்கை விளக்கோ பஸ்ஸரோ வர வேண்டிய அளவு சில கையேடுகளில் 60 பிஎஸ்ஐ, சிலவற்றில் 55. உங்கள் மாநிலக் கையேட்டில் உள்ளதையே சொல்லுங்கள். தொடர்ந்து மிதித்தால் ஏறக்குறைய 20 முதல் 45-க்குள் பார்க்கிங் பிரேக் குமிழ் தானே வெளியே வந்துவிடும்.

செய்வதை எல்லாம் எண்ணோடு வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் தேர்வாளர் மதிப்பெண் போட முடியாது. மறுபடி போங்கள், கட்டாயம் தேறுவீர்கள்.