க, கா, கி... கணவாய், காரல், கிளாத்தி

கேள்வி: வணக்கம் அக்கா. மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. சின்னப் பிள்ளைகள் எழுதப் படிக்கப் பழகுவதைக் கொண்டாட, ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் எங்கள் பிள்ளைகள் போன வருஷம் ஊர்ப் பொதுச்சுவரில் பெரிய ஓவியம் வரைந்தார்கள். புத்தகம், பேனா, கலாம் ஐயா முகம் எல்லாம் இருந்தது. ஐப்பசி மழையில் பாதி உரிந்துவிட்டது. மறுபடி வரையணும் என்று நிற்கிறார்கள். என்ன சொல்லலாம்? - ஒரு வாசகி

பதில்: மறுபடி வரையணும் என்று அவர்களே நிற்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம். முதலில் சுவரைப் பாருங்கள். பெரும்பாலும் இது உப்பின் வேலைதான். கடற்காற்றில் வருவது ஒரு பக்கம், கலவையில் கடற்கரை மணல் சேர்ந்திருந்தால் சுவருக்குள்ளேயே உப்பு இருக்கும், மழை ஈரம் காயும்போது அது வெளியே பூத்து மேலே இருக்கும் பெயின்டைப் பொரித்துத் தள்ளிவிடும். அதனால் பழசைச் சுரண்டி, பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். தடவினால் விரலில் வெள்ளையாக ஒட்டக்கூடாது. அப்புறம்தான் பிரைமர், அதன்மேல் வெளிச்சுவர் எமல்ஷன்.

மாசி, பங்குனியில் பரீட்சை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், மே மாதம் பள்ளிக்கூடமும் லீவு. அப்போது வரையட்டும், உச்சிவெயிலில் மட்டும் வேண்டாம்.

சரி, எதை வரைவது? கலாம் ஐயா இருக்கட்டும், ராமேஸ்வரத்தில் பேப்பர் போட்ட பையன் இந்தக் கரைக்கு உரியவர்தான். ஆனால் வாசிப்பைக் கொண்டாடும் சுவரில் வாசிக்க எழுத்து வேண்டும், அதுவும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நின்று விரல் வைத்துப் படிக்கிற உயரத்தில். வேறெங்கும் போக வேண்டாம், உங்கள் மீன் ஏலக்கூடத்திலேயே க வரிசை கிடக்கிறது: கணவாய், காரல், கிளாத்தி, கீச்சான், கும்புளா, கூனி, கெளுத்தி, கேரை, கொடுவா, கோலா. வீட்டில் கூனி இறாலைப் பொடியாகவே பார்த்த பிள்ளைக்கு அந்தக் ‘கூ’ சுலபமாக ஒட்டிக்கொள்ளும். ‘கை’க்கு வலை இழுக்கும் ஒரு கையை வரையலாம், நரம்பு புடைத்து, உள்ளங்கையில் கயிற்றுத் தழும்போடு. ‘கௌ’வுக்கு எனக்கு மீன் தெரியாது, தடைக்காலத்தில் வலை பின்னிக்கொண்டு இருக்கும் பெரியவர்களைப் பிள்ளைகளே கேட்கட்டும்.

ஒவ்வொரு எழுத்தையும் வரையும்போது ஒரு சின்னப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். அது வாய்விட்டுப் படித்துச் சொன்ன பிறகு அடுத்த எழுத்துக்குப் போகட்டும். அடியில் இரண்டடி உயரத்துக்கு மட்டும் கரும்பலகை பெயின்ட் அடித்து விடுங்கள், சாக்பீஸால் எழுத அந்த இடம் சின்னவர்களுக்கு.