சார்ஜ் பின்னில் பஞ்சு, மோட்டாரில் சிம்: கொங்குப் பக்கத்துக் கைப்பேசிக் கேள்விகள்

அவிநாசியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. கொஞ்சம் தோட்டமும் இருக்கிறது, அதனால் மோட்டார்க் கேள்விக்கும் பதில் உண்டு. வேலைக்கோ பொழுதுபோக்குக்கோ போனைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்குமேல் "சார்ஜ் ஏற மாட்டேங்குது". சரி, அதிலேயே தொடங்குவோம்.

திருப்பூர், ஓவர்லாக் டைலர்: அண்ணா, போன் வாங்கி ஒரு வருசம்தான் ஆகுது. வயரை ஒரு பக்கமா அழுத்திப் பிடிச்சாத்தான் சார்ஜ் ஏறுது. பின் மாத்தணும்னு கடையில சொல்றாங்க. மாத்திரலாமா?

பொறுங்க அம்மிணி, மாற்றுவதற்கு முன்னால் சார்ஜ் போடும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள் போனில் பெரும்பாலும் பின் கெட்டிருக்காது, பஞ்சு அடைத்திருக்கும். பாக்கெட்டிலும் மெஷின் மேசையிலும் கிடக்கும்போது தூசி உள்ளே போகிறது. ஒவ்வொரு தடவை வயரைக் குத்தும்போதும் அதை இன்னும் உள்ளே தள்ளுகிறோம். கடைசியில் அடியில் கம்பளித் துணி மாதிரி கெட்டியாகப் படிந்துவிடும். வயர் போன மாதிரிதான் தெரியும். உற்றுப் பார்த்தால் அதன் உலோக முனை அரை நூல் அளவுக்கு வெளியே நிற்கும்.

போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியின் முனையை இன்னும் கொஞ்சம் சீவிக்கொண்டு, ஓரமாக விட்டு மெதுவாகச் சுரண்டுங்கள். ஊசி, ஊக்கு வேண்டவே வேண்டாம். டைப்-சி ஓட்டைக்கு நடுவில் நாக்காட்டம் ஒரு மெல்லிய தகடு இருக்கும், கரண்ட் வாங்கும் புள்ளிகள் அதில்தான் இருக்கின்றன. அதைக் கீறினால் அப்புறம் நிஜமாகவே பின் மாற்ற வேண்டி வரும். கம்பெனியில் துணித் தூசி அடிக்கிற ஏர் கன்னையும் போனில் வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் மைக்கின் மெல்லிய சவ்வு கிழியும், தூசியும் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். வெளியே வரும் பஞ்சின் நிறத்தைப் பார்த்தே உங்கள் கம்பெனியில் எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறது என்று என்னால் சொல்லிவிட முடியும்.

சுரண்டிய பிறகும் ஏறாவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள். அதற்கும் ஏறாவிட்டால் பின்னை மாற்றலாம்.

திருப்பூர், சாயப்பட்டறை சூப்பர்வைசர்: சாம்பிளுக்குச் சாயம் போட்ட லேப் டிப் துணியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கம்பெனிக்காரர்கள் "ஷேடு ஓகே" என்கிறார்கள். மொத்த லாட்டுக்கும் சாயம் போட்ட பிறகு ஷேடு வேறு என்று சண்டை. இதற்கு நல்ல கேமரா போன் எது?

எந்தப் போனும் இதற்கு ஆகாது. துணியின் நிறம் உங்கள் பட்டறையிலிருந்து அவர் கண்ணுக்குப் போவதற்குள் எத்தனை இடத்தில் மாறுகிறது என்று பாருங்கள். முதலில் உங்கள் கேமரா. டியூப் லைட்டோ வெயிலோ, எந்த வெளிச்சமாக இருந்தாலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்ட அது தானாகவே நிறத்தைத் திருத்தும். துணியின் நிறத்தை வைத்தே வெளிச்சத்தைக் கணக்குப் போடுவதால், பிரேம் முழுக்க மெரூன் துணி இருந்தால் ஒரு மாதிரியும் பக்கத்தில் வெள்ளைத் தாள் இருந்தால் வேறு மாதிரியும் பதிவாகும். அடுத்து வாட்ஸ்அப், படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. கடைசியாக அவர் போன் திரை. கண் கூசாமல் இருக்க மஞ்சள் வடிகட்டி போட்டு வைத்திருப்பார், அது அவருக்கே ஞாபகம் இருக்காது.

இத்தனையும் சரியாக இருந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி. இரண்டு துணியின் ஷேடு பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போய், கடை வெளிச்சத்தில் பிரிந்து நிற்பதுண்டு. ஷேடு பார்க்கும் லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை வெளிச்சம்) என்று தனித்தனி விளக்கு வைத்திருப்பதே அதற்காகத்தான். ஒரு போட்டோ ஒரு வெளிச்சத்தைத்தான் காட்டும்.

அதனால் ஷேடுக்குத் துணியையே கொடுத்தனுப்புங்கள், கையெழுத்து வாங்கிய துண்டு ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்: ஓட்டை, கறை, தையல் பிசகு, லேபிள் ஒட்டிய இடம். டேப்பைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். சாதாரணப் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் சுருங்காமல் போகும்.

அவரே மீண்டும்: ஐபோனில் எடுத்தாலுமா?

ஐபோனிலும்தான்.

சோமனூர், விசைத்தறி: குறுக்கு நூலை (ஊடை) கொண்டு ஓடும் நாடா அடிக்கடி பாதியில் நிற்கிறது, நூல் அறுகிறது. எந்த இடத்தில் தவறு என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. போனில் வீடியோ எடுத்தால் தெரியுமா?

தெரியும். ஆனால் சாதாரண வீடியோவில் அல்ல, ஸ்லோ மோஷனில் எடுக்க வேண்டும். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம். நிமிடத்துக்கு 120 ஊடை போடும் தறி என்றால் ஓர் ஊடைக்கு 15 படம்தான் கிடைக்கும். நாடா பறக்கிற நேரம் அதிலும் ஒரு பகுதிதான். நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால் அதே ஓர் ஊடைக்கு 120 படம். நாடா பெட்டிக்குள் போய் நிற்கிறதா, மோதிவிட்டுத் திரும்பி வருகிறதா, பாவு (நெடுக்கு நூல்) முழுசாகத் திறப்பதற்கு முன்பே கிளம்பிவிடுகிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். திரும்பி வந்தால் பெட்டியில் பிடிப்பு குறைவு என்று பிட்டரே சொல்லிவிடுவார்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நம் கரண்டில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பளிச்சிடும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்லோ மோஷனில் படம் முழுக்கத் துடிக்கும். ஜன்னல் பக்க வெயிலிலோ இன்னொரு போனின் டார்ச்சிலோ எடுங்கள். இரண்டாவது, நாடா ஓடும் நேர்கோட்டில் நிற்காதீர்கள். தறியை விட்டு நாடா தெறித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனைத் தாங்கியில் முன்பக்கமாக மாட்டிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

காங்கேயம், விவசாயி: தம்பி, போர் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டிருக்கேன். வீட்டிலிருந்து போன் பண்ணினால் "மோட்டார் ஓடுகிறது" என்கிறது. போய்ப் பார்த்தால் சொட்டுத் தண்ணி இல்லை. பொட்டி பொய் சொல்லுமா?

பொய் சொல்லவில்லைங்கண்ணா, அதற்குத் தெரிந்ததைச் சொல்கிறது. மூன்று பேஸும் வந்திருக்கிறது, உள்ளே சுவிட்ச் பிடித்துவிட்டது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். குழாயில் தண்ணீர் வருவதை அது பார்க்கவில்லை. நம் பக்கத்து ஆயிரம் அடி போரில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டால் மோட்டார் வெறுமனே சுற்றும், சீக்கிரமே சூடேறிக் காயில் போய்விடும்.

இதற்கு வழி ஆம்பியர்தான். தண்ணீர் நிறைய வரும்போது மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று குறித்து வையுங்கள். தண்ணீர் அற்றுப்போகும்போது சுமை குறைந்து ஆம்பியரும் இறங்கும், அதையும் குறியுங்கள். கரண்டை அளக்கும் காயில் உள்ள பெட்டியாக இருந்தால், இரண்டுக்கும் நடுவில் 'டிரை ரன்' அளவை வைத்துவிட்டால் தானே நிறுத்திக்கொள்ளும். பல தோட்டங்களில் காயில் இருக்கும், பெட்டி வந்தபோது இருந்த அளவிலேயே கிடக்கும். மாட்டியவரைக் கூப்பிட்டு உங்கள் மோட்டாருக்குத் தக்கபடி வைக்கச் சொல்லுங்கள்.

பெட்டியில் இருக்கும் சிம்முக்கு வேலிடிட்டி முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் எந்த கம்பெனி சிக்னல் நிற்கிறதோ அந்த சிம்தான் போட வேண்டும், உங்கள் போனில் இருக்கும் கம்பெனி அல்ல. ஆன்டெனா இரும்புப் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். வீட்டு நம்பர்களை மட்டும் பதிந்து வையுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். மோட்டாரிலோ ஸ்டார்ட்டரிலோ கை வைக்கும் முன் மெயினை இறக்கி பீஸ் கட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பையன் பெங்களூரில் இருந்துகொண்டு, "அப்பா மறந்துட்டார் போல" என்று அங்கிருந்தே மோட்டாரைப் போட்டுவிடலாம். ஸ்டார்ட்டரை 'ஆட்டோ' நிலையில் வைத்திருந்தால் யாரும் போடாமலே, கரண்ட் வந்ததும் ஓடும்.

பொள்ளாச்சி, தேங்காய் வியாபாரம்: ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் ஆயிரம் காய் கேட்டார். முன்பணம் அனுப்ப க்யூஆர் படம் அனுப்பியிருக்கிறார். அதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வருமாம். போடலாமா?

போடாதீர்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் உங்கள் பணம்தான் வெளியே போகும். ராணுவத்தின் பெயரைச் சொல்வது பழைய தந்திரம். அடையாள அட்டைப் படம்கூட அனுப்புவார்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள். அடுத்த கணக்குக்கு அது நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்ப வர வழி உண்டு, அதனால் சொந்தக்காரர்களிடம் யோசனை கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கடை வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வாடிக்கையாளர் நீட்டும் பச்சை டிக் போட்ட திரையை நம்பாதீர்கள். அதே மாதிரி காட்டுகிற போலி ஆப்கள் சுற்றுகின்றன. உங்கள் கணக்கில் ஏறியதா என்று உங்கள் போனில் பாருங்கள். அதேபோல் "வண்டிக்கு அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே பைல் (ஆப்பை ஏற்றும் பைல்) வந்தால் தொடாதீர்கள்.

சங்ககிரி, லாரி டிரைவர்: லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருக்கிறேன். செக்கிங்கில் காட்டினால் செல்லுமா?

கேலரிப் போட்டோ செல்லாது. அரசு ஆப்களான டிஜிலாக்கர், எம்பரிவாகன் இரண்டில் ஒன்றில் இறக்கிய லைசென்ஸும் ஆர்.சி.யும் ஒரிஜினலுக்குச் சமம் என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. சிக்னல் இல்லாத இடத்தில் மாட்டிக்கொள்ளாமல் புறப்படும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம், ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசக் கூடாது. டேஷ்போர்டு வெயிலில் சார்ஜ் போட்டபடி மேப் ஓடினால் பேட்டரி சூட்டில் உப்பிவிடும். தாங்கியை ஏசி காற்றோ ஜன்னல் காற்றோ படும் இடத்தில் மாட்டுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தியோ குத்தியோ பார்க்காதீர்கள்.

பல்லடம், கோழிப்பண்ணை: வேலைக்கு இருக்கும் பையன்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. என்ன செய்ய?

கூகுள் டிரான்ஸ்லேட் போதும். இந்தி, வங்காளம், ஒடியா மூன்றும் இருக்கின்றன. சின்னச் சின்ன வாக்கியமாக, புத்தகத் தமிழில் பேசுங்கள். தீவன மூட்டைக் கணக்கு, மருந்து அளவு, சம்பளம் மூன்றையும் எண்ணாக எழுதிக் காட்டிவிடுங்கள், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

ஈரோடு, மஞ்சள் விவசாயி: தமிழக அரசின் உழவன் ஆப்பில் காட்டும் விலைக்கும் மண்டியில் கிடைக்கும் விலைக்கும் ஏன் வித்தியாசம்?

விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை, ஈரப்பதத்துக்கு ஏற்பக் கழிவு. ஆப் விலை போக்கைத் தெரிந்துகொள்ள உதவும். உங்கள் மூட்டைக்கு என்ன விலை என்பது ஏலத்தில்தான் தெரியும்.

கோபி, கல்லூரி மாணவி: எல்லாம் வேலைக் கேள்வியாகவே இருக்கே அண்ணா! எங்க ஊர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) வள்ளி கும்மி ஆட்டம் அரங்கேற்றம். போனில் நல்லா வீடியோ எடுப்பது எப்படி?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் கண்ணு. மேட்டுப்பாளையம் பக்கத்து கும்மி ஆசிரியர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்த கலை, கோணல்மாணலாக எடுத்து வைக்கக் கூடாது.

எல்லோரும் செய்வது, கூட்டத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடிப்பது. அப்படி எடுத்தால் முன்னால் ஆடுபவர்களின் முதுகுதான் தெரியும். கும்மியின் அழகு வட்டமும் அது விரிந்து சுருங்குவதும். அது மேலிருந்துதான் தெரியும். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இடம் கேட்டு வையுங்கள். போனைப் படுக்கைவசமாகத் தாங்கியில் நிறுத்திவிட்டு ஜூம் செய்யாமல் விட்டுவிடுங்கள். காலடிக்கும் கைதட்டுக்கும் தோழி ஒருத்தி கீழே இன்னொரு போனில் தரையோடு எடுக்கட்டும்.

குரல்தான் எப்போதும் சொதப்பும். ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் எடுத்தால் போன் மைக் தாங்காமல் கரகரக்கும். மூன்றாவதாக ஒரு பழைய போன் இருந்தால், பாடும் ஆசிரியருக்கு அருகில், ஸ்பீக்கருக்குப் பின்பக்கமாக வைத்து வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிடுங்கள். தொடங்கும் முன் எல்லாப் போனுக்கும் கேட்கும்படி ஓங்கி ஒரு கை தட்டுங்கள். பிறகு படத்தையும் குரலையும் இணைக்கும்போது அந்தத் தட்டை வைத்துப் பொருத்திவிடலாம். மூன்று போனையும் பிளைட் மோடில் போடுங்கள். நடுவில் மாமா யாராவது "எங்கிருக்கே?" என்று கூப்பிட்டால் பதிவு நின்றுவிடும்.

அன்னூர்: அப்புச்சிக்கு வயசு எண்பது. பேத்தியோடு முகம் பார்த்துப் பேச ஆசை, பட்டன் போன் தவிர எதுவும் தெரியாது.

முகப்புத் திரையில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பேத்தியின் முகப் படத்தோடு நேரடி வீடியோ அழைப்புக் குறியை மட்டும் பெரிதாக வையுங்கள். எழுத்து அளவைக் கூட்டுங்கள், பேங்க் ஆப் எதுவும் அந்தப் போனில் வேண்டாம். பட்டன் போனைப் பிடுங்காதீர்கள், அதுவும் இருக்கட்டும்.

தாராபுரம்: பஸ்ஸில் போன் தொலைந்துவிட்டது. கிடைக்குமா?

சிம்மை முடக்கி அதே நம்பரில் புது சிம் வாங்குங்கள், போலீஸில் புகார் கொடுங்கள், பேங்க்குக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்துங்கள். பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்தால் எந்த சிம் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாதபடி முடக்குவார்கள். எண் போன் பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். தொலைக்காதவர்கள் இப்போதே *#06# அடித்து, வரும் எண்ணை வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள், போனிலேயே சேமிக்காமல்.