டேப் விசை யார் கையில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நியோவிம் என்ற நிரல் எழுதும் எடிட்டருக்கு வந்து ஓராண்டு ஆகிறது. ஒருவர் பகிர்ந்திருந்த கான்ஃபிகை (எடிட்டரின் அமைப்புக் கோப்புகளை) அப்படியே எடுத்துக்கொண்டேன். பிறகு தேவைப்பட்டபோதெல்லாம் கூடுதல் வசதி தரும் ப்ளகின்களைச் சேர்த்துக்கொண்டே வந்ததில் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. போன வாரம் எல்லாவற்றையும் மொத்தமாக அப்டேட் செய்தேன். அதிலிருந்து டேப் விசை சொன்னபடி கேட்பதில்லை. பரிந்துரைப் பட்டியல் திரையில் வருகிறது, ஆனால் டேப் அழுத்தினால் தேர்வு நகராமல் வெற்றிடம் விழுகிறது. எடிட்டர் திறக்கும்போது சிவப்பில் ஏதோ ஒரு செய்தி வந்து, படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. இது போக, பைத்தான் கோப்புகளில் இன்டென்ட்டை (வரித் தொடக்க இடைவெளியை) இரண்டு வெற்றிடமாக வைத்தாலும் நான்காகவே வருகிறது. இது முன்பிருந்தே உள்ள தொல்லை. ப்ளகின் ஃபோல்டரை அழித்து மறுபடி நிறுவியும் பயனில்லை. பேசாமல் எல்லாம் தயாராக வரும் வேறு எடிட்டருக்கு மாறிவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

மாறுவதானால் தாராளமாக மாறுங்கள். ஆனால் இந்தக் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு மாறுங்கள். ப்ளகின் போட இடம் தரும் எந்த எடிட்டருக்குப் போனாலும் இது உங்கள் பின்னாலேயே வரும். இரண்டு ப்ளகின்கள் ஒரே விசைக்கு அடித்துக்கொள்வது நியோவிமில் மட்டும் நடப்பதில்லை.

மறுபடி நிறுவியது ஏன் பலிக்கவில்லை என்றால், அதே கான்ஃபிக் அதே ப்ளகின்களை அதே பதிப்பில் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கும். அதனால் இனி எதையும் அழிக்காதீர்கள், எதையும் மாற்றவும் வேண்டாம். முதலில் எடிட்டரையே கேளுங்கள். விம்மும் அதிலிருந்து கிளைத்த நியோவிமும் தங்களுக்குள் நடந்ததையெல்லாம் சொல்லக்கூடியவை. கேட்கும் பழக்கம்தான் நம்மில் பலருக்கு இல்லை, நேராகத் தேடுபொறிக்குப் போய்விடுகிறோம்.

அந்தச் சிவப்புச் செய்தி எங்கும் போய்விடவில்லை. ‘:மெசேஜஸ்’ என்று கட்டளையிட்டால் மறைந்த செய்திகள் வரிசையாக வரும். அதில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். நீளமான பிழைச்செய்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தப் பட்டியலில் உங்கள் சொந்தக் கான்ஃபிக் கோப்பின் பெயர் எங்கே வருகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கிருந்து தொடங்கினால் போதும்.

அடுத்து, டேப். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய கான்ஃபிக்குகளில் டேப் அளவுக்குப் போட்டி உள்ள விசை வேறு இல்லை. பரிந்துரைப் பட்டியல் காட்டும் ப்ளகின் அதைக் கேட்கும். ஸ்னிப்பெட் (தயாராக வைத்த நிரல் துண்டு) ப்ளகின் அதில் நிரப்ப வேண்டிய அடுத்த இடத்துக்குத் தாவ அதைக் கேட்கும். ஏஐ பரிந்துரை தரும் ப்ளகின் ஏற்றுக்கொள்வதற்கு அதையே கேட்கும். இது போதாதென்று, நியோவிம் 0.11 முதல் எடிட்டரே ஸ்னிப்பெட்டுக்காக டேப்பில் ஒரு மேப்பிங் (விசைக்கு வேலை ஒதுக்கும் அமைப்பு) வைத்திருக்கிறது. ஒரே நிலையில் இரண்டு பேர் ஒரே விசையைக் கேட்டால், கடைசியாகச் சொன்னவர் பேச்சுதான் நிற்கும். அதிலும், திறந்திருக்கும் கோப்புக்கு மட்டும் என்று வைத்த மேப்பிங், பொதுவாக வைத்ததை முந்திக்கொள்ளும்.

யார் கடைசியாகச் சொன்னது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கோளாறு தெரியும் கோப்பைத் திறந்து, ஒருமுறை இன்சர்ட் (எழுத்து தட்டும்) நிலைக்குப் போய் நாலு எழுத்து தட்டிவிட்டு வெளியே வாருங்கள். இது முக்கியம், ஏனென்றால் பல ப்ளகின்கள் நீங்கள் தட்டச்சு செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஏறும். அப்புறம் ‘:வெர்போஸ் ஐமேப் <டேப்>’ என்று கேளுங்கள். டேப் இப்போது யார் கையில் இருக்கிறது, எந்தக் கோப்பு அதை வைத்தது என்று பதில் வரும். வரியில் ‘@’ குறி இருந்தால் அது அந்தக் கோப்புக்கு மட்டுமான மேப்பிங். லுவா மொழியில் எழுதிய மேப்பிங் என்றால் இடத்தைச் சொல்லாமல், ‘-வி1’ (பெரிய எழுத்து வி) போட்டுத் திறக்கச் சொல்லும். அப்படித் திறந்து மறுபடி கேட்டால் வரி எண் வரை சொல்லிவிடும்.

இது உங்களுக்கு விடை தந்துவிடும் என்றே நினைக்கிறேன். அப்டேட்டுக்கு முன்பும் இந்தப் போட்டி இருந்திருக்கும். ஏறும் வரிசை உங்களுக்குச் சாதகமாக இருந்ததால் வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம். யாருக்கு டேப் என்று நீங்களே முடிவு செய்து, மற்றவர்களுக்கு வேறு விசை கொடுங்கள். ஒரே விசையில் மூன்று வேலையையும் நிபந்தனை போட்டு அடக்கும் கான்ஃபிக்குகள் நிறைய உண்டு. எனக்கு அவை பிடிப்பதில்லை. அடுத்த அப்டேட்டில் அவைதான் முதலில் உடையும். இன்னொன்று: சாதாரண (கட்டளை தரும்) நிலையில் டேப்பில் எதையும் வைக்காதீர்கள். டெர்மினலில் டேப்பும் கண்ட்ரோல்-ஐயும் ஒரே குறியீடாகத்தான் பொதுவாக வந்து சேரும். தாவிய இடங்களில் முன்னோக்கிப் போகும் வசதி அதோடு போய்விடும்.

விடை கிடைக்கவில்லை என்றால் பாதிப்பாதியாகக் கழித்துப் பாருங்கள். முதலில் டெர்மினலில் ‘என்விம் --க்ளீன்’ என்று தட்டித் திறந்து பாருங்கள். உங்கள் கான்ஃபிக்கும் ப்ளகின்களும் இல்லாத வெறும் எடிட்டர் வரும். அதிலும் கோளாறு இருந்தால் எடிட்டரையோ டெர்மினலையோ பார்க்க வேண்டும். இல்லையென்றால் சந்தேகம் உங்கள் கான்ஃபிக் மேல்தான். ப்ளகின்களில் பாதியை நிறுத்திப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் நிறுத்திய பாதியில் இருக்கிறது, போகவில்லை என்றால் மற்ற பாதியில். அறுபத்து நான்கு ப்ளகின் இருந்தாலும் ஆறு தடவையில் ஒன்றில் வந்து நிற்கும். ஒன்றை நம்பி இன்னொன்று இருந்தால் இரண்டையும் ஒரே பக்கம் வையுங்கள். குற்றவாளிகள் இருவர் என்றால் இந்த முறை குழப்பும். அப்போது முதலில் சிக்கியதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதோடு சேர்த்துச் சோதியுங்கள். விஎஸ் கோட் எடிட்டரில் இந்தப் பாதிப்பாதிச் சோதனையைச் செய்ய ஒரு கட்டளையே இருக்கிறது. இமாக்ஸ் எடிட்டரில் ‘-க்யூ’ (பெரிய எழுத்து) போட்டால் வெறும் எடிட்டர் வரும்.

பைத்தான் இன்டென்ட் வேறு கதை. அதில் எந்த ப்ளகினும் தப்பு செய்யவில்லை. உங்கள் கான்ஃபிக் முதலில் படிக்கப்படுகிறது. அதன் பிறகு பைத்தான் கோப்பைத் திறக்கும்போது, எடிட்டரோடு வரும் பைத்தானுக்கான கோப்பு படிக்கப்பட்டு நான்கு வெற்றிடம் என்று வைக்கிறது. ‘:வெர்போஸ் செட் ஷிஃப்ட்விட்த்?’ என்று கேட்டால் அந்தக் கோப்பின் பெயரையே சொல்லும். உங்கள் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ‘ஆஃப்டர்’, அதற்குள் ‘எஃப்டிப்ளகின்’ என்று ஃபோல்டர் வைத்து, அதில் பைத்தானுக்கான கோப்பில் உங்கள் அளவை எழுதுங்கள். அது கடைசியாகப் படிக்கப்படுவதால் நிற்கும். (பைத்தான் சமூகத்தின் வழக்கம் நான்குதான். குழுவாக வேலை செய்கிறீர்கள் என்றால் ஒருமுறை யோசியுங்கள்.)

மொத்தமாக அப்டேட் செய்வது பற்றி. நீங்கள் லேசி ப்ளகின் மேனேஜரைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு ப்ளகினும் எந்த கமிட்டில் (சேமித்த மாற்றத்தில்) இருக்கிறது என்பதை அது ஒரு லாக் (பூட்டு) கோப்பில் எழுதிவைக்கும். அந்தக் கோப்போடு சேர்த்து முழு கான்ஃபிகையும் ‘கிட்’ என்ற பதிப்பு காக்கும் கருவியில் வையுங்கள். அப்டேட் கெடுத்தால் பழைய லாக் கோப்பை மீட்டு ‘:லேசி ரிஸ்டோர்’ என்றால் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். இது இல்லாமல் அறுபது ப்ளகின்களை ஒரே நாளில் அப்டேட் செய்யாதீர்கள். வேலை தலைக்கு மேல் இருக்கும் நாளில் எதையும் அப்டேட் செய்யாதீர்கள்.

ப்ளகின்கள் பின்னோக்கிய பொருத்தத்தை எப்போதும் காப்பதில்லை. நிரலின் அமைப்பைப் புரிந்து வண்ணம் காட்டும் ட்ரீசிட்டர் ப்ளகினின் மெயின் கிளை முழுதாகத் திருப்பி எழுதப்பட்டது, பழைய மாஸ்டர் கிளைக்கான செட்டிங் அதில் செல்லாது. 2025 மார்ச்சில் வந்த நியோவிம் 0.11 மொழி சர்வர்களை (நிரலைப் படித்துப் பிழையும் பரிந்துரையும் சொல்பவை) அமைக்கும் வழியை எடிட்டருக்குள்ளேயே கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பாடங்களைப் பார்த்து ஒட்டிய வரிகளில் பல இப்போது பழைய முறை. நீங்கள் எடுத்த கான்ஃபிக் எப்போது எழுதப்பட்டது என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் ‘:செக்ஹெல்த்’ கட்டளையையும் ஓட்டிப் பாருங்கள். மொழி சர்வர், கோப்புகளுக்குள் தேடும் ரிப்கிரெப் போன்றவை ப்ளகின் இல்லை, தனி நிரல்கள். அவை நிறுவப்படவில்லை என்றாலோ கணினி நிரல்களைத் தேடும் பாதையில் கிடைக்கவில்லை என்றாலோ ப்ளகின் மேல் பழி விழும்.

சரி, தயாராக வருவதற்கு மாறலாமா? எடிட்டரைப் பற்றி யோசிக்கவே விருப்பமில்லை, நிரல் எழுதினால் போதும் என்றால் மாறுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நியோவிம் பிடித்துத்தான் வந்தீர்கள் என்றால், இந்த கான்ஃபிகைத் தொடாமல் பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டுங்கள். நியோவிம் 0.9 முதல் ‘என்விம்_ஆப்நேம்’ என்ற சூழல் மாறியில் வேறு பெயர் கொடுத்தால், அந்தப் பெயரில் உள்ள ஃபோல்டரிலிருந்து கான்ஃபிகை எடுத்துக்கொள்ளும். வேலைக்குப் பழையது, மாலையில் புதியது. ஒரு ப்ளகின் இல்லாமல் கை தடுமாறும்போது மட்டும் அதைச் சேருங்கள், சேர்க்கும் முன் அதன் உதவிப் பக்கத்தை முழுதாகப் படியுங்கள். அறுபதில் எத்தனை திரும்ப வரும் என்று பாருங்கள், பாதிகூட வராது என்பது என் கணிப்பு.

முதலில் அந்த வெர்போஸ் கட்டளையை ஓட்டுங்கள். வந்த பதிலை அப்படியே, ஒரு வரி விடாமல், நியோவிம் பதிப்பு எண்ணோடு எனக்கு அனுப்புங்கள். ப்ளகின் எழுதியவருக்குப் புகார் அனுப்ப வேண்டியிருந்தாலும் அவரும் இதைத்தான் முதலில் கேட்பார்.