ஏழு வயது மகனும் எல்லை தாண்டும் ட்ரக்கும்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள தங்கச்சி,

ஒன்ராறியோவில் ட்ரெயிலர் இழுக்கும் பெரிய ட்ரக் ஓட்டுவதற்கான ஏஇசட் லைசென்ஸ் எடுத்து அமெரிக்கா ஓடத் தொடங்கினால் மகனையும் கூடவே கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரவில் ட்ரக்கில் தனியாகப் படுக்க வேண்டி வரும், அதனால் ஒரு துப்பாக்கி வைத்திருப்பது நல்லது என்று தம்பி சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். துப்பாக்கிக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், அதில் மறுபேச்சு இல்லை. மகன் விஷயத்தில் சட்டம் முழுதாகக் கதவை மூடவில்லை. ஆனாலும் ஏழு வயதில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். லைசென்ஸ் எடுக்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்காபரோவில் இருந்துகொண்டு, ஒவ்வொரு இரவும் பிள்ளையோடு வீட்டில் படுக்கக்கூடிய ஏஇசட் வேலைகள் இருக்கின்றன. அதைப் பற்றியும் எழுதுகிறேன்.

துப்பாக்கியை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்க ட்ரைவர்கள் சிலர் வைத்திருக்கிறார்கள், அது உண்மைதான். அங்கே ட்ரக் தொழிலுக்கான மத்திய பாதுகாப்பு விதிகளில் துப்பாக்கிக்கு நேரடித் தடை கிடையாது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒரு மாநிலத்தைக் கடந்து போகிறவர் குண்டு நிரப்பாத துப்பாக்கியைக் கைக்கு எட்டாதபடி பூட்டிய பெட்டியில் கொண்டுபோக இடம் தருகிறது. படுக்கைக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருக்க அது அனுமதி தரவில்லை. வழியில் இரவு தங்கினால் அந்தச் சட்டம் காப்பாற்றுமா என்பது நியூ ஜெர்சியில் நீதிமன்றம்வரை போன விவகாரம். ஒரு மாநிலம் கொடுத்த பெர்மிட்டை அடுத்த மாநிலம் ஏற்க வேண்டும் என்றும் இல்லை. இதெல்லாம் போக, பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் ட்ரக்கில் ஆயுதம் வைக்க விடுவதே இல்லை. இது அமெரிக்காவில் வாழும் அமெரிக்கருடைய நிலைமை.

நீங்கள் கனடாவில் இருந்து போகிறவர். வெளிநாட்டவர் ஒருவர் அமெரிக்காவுக்குள் துப்பாக்கி கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். வேட்டைக்கோ துப்பாக்கிச் சுடும் போட்டிக்கோ போகிறவர்களுக்கான ஏற்பாடு அது, சரக்கு ஏற்றிப் போகிறவருக்கானது அல்ல. கனடாவிலோ 2022 ஒக்டோபர் 21 முதல் தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் நிறுத்தப்பட்டிருக்கிறது. தற்காப்புக்கென்று கூடக் கொண்டுதிரிய அனுமதி சாதாரணமாகக் கிடைப்பதில்லை. எல்லையில் இருக்கும் அம்பாசடர் பாலத்திலும் பீஸ் பாலத்திலும் துப்பாக்கியைச் சொல்லாமல் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளும் அமெரிக்க ட்ரைவர்கள் எல்லை அதிகாரிகளுக்குப் புதியவர்கள் அல்ல. துப்பாக்கி பறிபோகும், கைது நடக்கும், எல்லையை வேகமாகக் கடக்க உதவும் ஃபாஸ்ட் கார்டும் போகும். நீங்கள் இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிரந்தர வதிவாளர் ஒருவருக்கு பாரதூரமான குற்றத்தில் தீர்ப்பு விழுந்தால் நாடுகடத்தும் உத்தரவு வரலாம். தண்டனை ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் என்றால், அந்த உத்தரவை எதிர்த்துக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் இல்லாமல் போய்விடும். தம்பி உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பெப்பர் ஸ்ப்ரே விஷயத்திலும் கவனம். அமெரிக்க ட்ரக் ஸ்டொப் கடைகளில் அது சாதாரணமாகக் கிடைக்கும். மனிதர் மேல் அடிப்பதற்கென்று தயாரிக்கப்பட்ட ஸ்ப்ரே கனடாவில் தடைசெய்யப்பட்ட ஆயுதம். கைப்பையில் மறந்துபோய்க் கிடந்தது என்று எல்லையில் சொல்லிப் பயனில்லை.

உங்கள் பயம் வீண்பயம் என்று நான் சொல்லவில்லை. 2009 மார்ச்சில் ஜேசன் ரிவன்பர்க் என்ற ட்ரைவர் பால் ஏற்றிக்கொண்டு சவுத் கரோலைனாவில் இறக்கப் போனார். நேரத்தோடு போய்விட்டதால் இறக்கும் இடத்தில் நிற்க முடியவில்லை. கைவிடப்பட்ட ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்திவிட்டு ஓய்வெடுத்தார். அங்கே அவரைச் சுட்டுக் கொன்றவன் எடுத்துக்கொண்டு போனது 7 டொலர். அவருடைய மனைவி அப்போது இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார். அந்த மனைவியும் மற்ற ட்ரைவர்களும் விடாமல் போராடி, 2012இல் ‘ஜேசன் சட்டம்’ வந்தது. ட்ரைவர்களுக்குப் பாதுகாப்பான பார்க்கிங் வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் நோக்கம். ட்ரைவரின் பாதுகாப்பு எங்கே நிறுத்துகிறார் என்பதில்தான் தொடங்குகிறது என்று நானும் நம்புகிறேன். இருட்டிய பிறகு ட்ரக் ஸ்டொப்பில் இடம் தேடினால் கிடைக்காது. பின்னேரமே இடம் பிடித்துவிட வேண்டும். வெளிச்சமுள்ள, ஆள் நடமாட்டமுள்ள வரிசையில் நிறுத்துங்கள். ட்ரெயிலரின் பின்கதவை இன்னொரு ட்ரெயிலருக்கோ சுவருக்கோ நெருக்கி விடுங்கள். படுக்கும்போது இரண்டு பக்கக் கதவின் கைப்பிடிகளுக்கும் ஊடாக ஒரு ஸ்ட்ராப்பை விட்டு இறுக்கிவிட்டால், பூட்டை உடைத்தாலும் வெளியிலிருந்து கதவு திறக்காது. பழைய ட்ரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. என்ன சரக்கு, எங்கே போகிறது என்று முன்பின் தெரியாதவரிடம் கதைக்கவே வேண்டாம்.

இனி மகன் விஷயம்.

அமெரிக்க மண்ணில் ட்ரக் ஓடினால், கனடியக் கம்பெனியாக இருந்தாலும் அந்நாட்டு விதிதான். அதில் 392.60 என்ற பிரிவு, கம்பெனியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ட்ரக்கில் வேறு ஆளை ஏற்றக்கூடாது என்கிறது. ஏறுபவரின் பெயர், எங்கிருந்து எங்குவரை, எந்தத் திகதிவரை என்ற மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். ‘கூட்டிக்கொண்டு போங்கோ, பிரச்சினை இல்லை’ என்று ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாட்சர் போனில் சொல்வது அனுமதி ஆகாது. சொந்த ட்ரக் வாங்கி ஒரு கம்பெனிக்குக் கீழே ஓடினாலும் அந்தக் கம்பெனியின் கடிதம் வேண்டும். குறைந்தபட்ச வயது என்ன என்பது கம்பெனிக்குக் கம்பெனி, அவர்களுடைய காப்புறுதிக்குக் காப்புறுதி மாறும். பயிற்சிக் காலத்தில் யாரும் விடமாட்டார்கள். புதிய ட்ரைவருக்குத் தொடக்க மாதங்களிலும் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே நீங்கள் கணக்குப் போட்டிருக்கும் முதல் வருடத்தில், இந்த வழி உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். ட்ரக்கின் உள்ளே ஒருமுறை ஏறிப் பார்த்தால் புரியும். ட்ரைவர் சீட், பக்கத்தில் ஒரு சீட், பின்னால் படுக்கை. பிள்ளைக்குப் பாதுகாப்பான இடம் பின் சீட் என்று கார்களில் சொல்வோமே, அந்தப் பின் சீட்டே இதில் இல்லை. ஒன்ராறியோவில் எட்டு வயது, 145 சென்ரிமீற்றர் உயரம், 36 கிலோ எடை, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டும்வரை, பெல்ட் சரியாகப் பொருந்தப் பிள்ளையை உயர்த்தி வைக்கும் பூஸ்டர் சீட் வேண்டும். எல்லை தாண்டினால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. காற்று ஸ்பிரிங்கில் ஏறி இறங்கி ஆடும் அந்தச் சீட்டில் பூஸ்டரை வைத்து, தோள் பெல்ட் கழுத்தில் உரசாமல் பிள்ளையைக் கட்டி உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை. பின்னால் படுக்கையில் தூங்கட்டுமே என்று நினைக்காதீர்கள். ஓடும் ட்ரக்கில் சீட்டில் இருக்கும் பயணியும் பெல்ட் போட்டிருக்க வேண்டும் என்று 2016 முதல் அங்கே விதி இருக்கிறது. படுக்கையின் முன்னால் இருக்கும் வலை, வளர்ந்த ஆள் தூக்கி எறியப்படாமல் தடுக்க வைத்தது. அது பிள்ளைக்கான சீட் ஆகாது.

அப்புறம் சரக்கு ஏற்றி இறக்கும் டொக். பல வேர்ஹவுஸ்களில் கேட் காவலர் பயணியை உள்ளே விடுவதில்லை. ஏழு வயதுப் பிள்ளையை வெளியே எங்கே இறக்கி விடுவீர்கள்? உள்ளே விட்டாலும் அவன் கேபினை விட்டு இறங்கக்கூடாது. அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓடும், ட்ரெயிலர்கள் பின்னுக்கு வரும், உயரம் குறைந்த பிள்ளை யாருடைய கண்ணாடியிலும் தெரியமாட்டான். இறக்கி முடிய மூன்று, நான்கு மணிநேரம் ஆவது இந்தத் தொழிலில் சாதாரணம். அவ்வளவு நேரமும் அவன் அந்தக் கேபினில்தான். அமெரிக்க விதிப்படி ஒரு ஷிப்டில் 11 மணிநேரம் ஓட்டலாம். அந்த 11 மணிநேரத்தில் பிள்ளைக்கு மூத்திரம் வரும், வாந்தி வரும், அழுகை வரும். ஒன்ராறியோவின் 401 நெடுஞ்சாலையில் என்றால் ஒன்ரூட் ஓய்வு நிலையம் வரும்வரை சமாளிக்கலாம். ஒஹாயோவில் பனி கொட்டும்போது, 53 அடி ட்ரெயிலரை நினைத்த இடத்தில் ஓரம் கட்ட முடியாது. உங்களுடைய கண் ரோட்டில் இருக்குமா, அவன் மேல் இருக்குமா? உங்களைக் கலங்க வைக்க இதைக் கேட்கவில்லை. புதிதாக ஓட்டப் பழகும் ஒருவருக்கு ரோடு ஒன்றே போதிய பாரம்.

எல்லையிலும் வேலை இருக்கிறது. ட்ரக் வருவதற்கு முன்பே சரக்கு, ஆட்கள் விபரத்தை அனுப்பும் மின் மனிபெஸ்டில் அவனுடைய விபரமும் போக வேண்டும். தகப்பன் கூட வராததால், அவருடைய சம்மதக் கடிதத்தையோ கோர்ட் கொடுத்த பராமரிப்பு உத்தரவையோ அதிகாரி கேட்கலாம். ஆறு வயதிலிருந்து இங்கே பள்ளிக்கூடம் கட்டாயம். மாதத்தில் இரண்டு, மூன்று கிழமை அவன் வகுப்பில் இல்லையென்றால் பள்ளிக்கூடத்திலிருந்து உங்களுக்குப் போன் வரும்.

ஆகவே ஓட்டத்தைப் பிள்ளையின் வயதுக்கு ஏற்றபடி தெரிவு செய்யுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. உங்கள் மகனுக்கு இப்போது வேண்டியது பகலில் ஓடி இரவில் வீடு வரும் அம்மா. படுக்கை இல்லாத டே கேப் ட்ரக்குகளில் பிரம்ரன், மிசிசாகா வேர்ஹவுஸ்களுக்கும் கடைகளுக்கும் இடையே ஓடும் வேலைகள் இருக்கின்றன. பிரம்ரன், வோன் ரயில் முற்றங்களில் இருந்து கொள்கலன் இழுப்பவர்களும் இரவில் வீட்டுக்குத்தான் வருவார்கள். அமெரிக்கா ஓடுவதை விட வருமானம் குறையலாம். ஆனால் பிள்ளையைப் பார்க்க வேறொருவருக்குக் கிழமைக்கணக்கில் கொடுக்கும் காசையும், ட்ரக் ஸ்டொப்பில் மூன்று வேளை சாப்பிடும் காசையும் கழித்துப் பாருங்கள்.

இதில் உண்மையான சிக்கல் விடிகாலை. லோக்கல் வேலைகள் பல காலை ஐந்து, ஆறு மணிக்குத் தொடங்கும். பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த காலைப் பராமரிப்பு ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். அந்த இடைப்பட்ட நேரத்துக்கு ஒரு ஆள் வேண்டும். அம்மாவோ, சித்தியோ, அதே கட்டடத்தில் இருக்கும் நம்பிக்கையான ஒரு அன்ரியோ யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். லைசென்ஸ் எடுத்த பிறகு தேடினால், கிடைக்கும் நல்ல வேலை கைநழுவிப் போகும். பின்னேரம் தொடங்கும் ஷிப்டும் இருக்கிறது, ஆனால் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும் நேரத்தில் நீங்கள் கிளம்புவீர்கள். உங்கள் நிலையில் காலை ஷிப்டே மேல் என்பேன்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்க்கும்போது சில கம்பெனிகள் ‘உங்கள் பெயரில் ஒரு கோப்பரேஷன், அதாவது சொந்தக் கம்பெனி, திறந்து வாருங்கள், வரி பிடிக்காமல் முழுக் காசும் தருவோம்’ என்பார்கள். ட்ரைவர் இன்க் என்று எல்லோரும் பேசிக்கொள்வது இதைத்தான். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் ட்ரக் அவர்களுடையது, நேரத்தை வைப்பவர்களும் அவர்களே. நீங்கள் ஊழியராகவே வேலை செய்துகொண்டு ஊழியருக்குரிய உரிமைகளை இழப்பீர்கள். மாகாணம் தாண்டி ஓடும் கம்பெனிகள் மத்திய தொழிற்சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கே ஊழியருக்கு வருடத்தில் 10 நாள்வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. குடும்பக் காரணங்களுக்கு 5 நாள் விடுப்பும், மூன்று மாத வேலைக்குப் பிறகு அதில் முதல் 3 நாளுக்குச் சம்பளமும் உண்டு. மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் அழைக்கும் அன்று உங்களுக்கு உதவப்போவது அந்த மூன்று நாள்தான். தனியாகப் பிள்ளை வளர்க்கும் நீங்கள் எந்தக் காரணத்துக்காகவும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிள்ளையும் வேலையும் ஒரே வண்டியில் என்பதுதான் ஆசை என்றால், அதற்கும் ஒரு வழி இருக்கிறது: பள்ளிக்கூட பஸ். பி வகுப்பு லைசென்ஸ் வேண்டும், வயது 21 ஆகியிருக்க வேண்டும். தன் பிள்ளையைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு ஓட விடும் பஸ் கம்பெனிகள் பல உண்டு, பயிற்சியும் அவர்களே கொடுப்பார்கள். காலையும் பின்னேரமும் சில மணிநேரம்தான் வேலை, கோடை விடுமுறையில் பெரும்பாலும் சம்பளம் இல்லை. முழு வாழ்க்கைக்கும் இது காணாது. ஆனால் பெரிய வண்டி ஓட்டிப் பழக நல்ல இடம், இரண்டு வருடம் கழித்து ஏஇசட்டுக்கு மாறும்போது கை பழகியிருக்கும்.

மகனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகி, நீங்களும் அனுபவமான ட்ரைவராகிய பிறகு, ஒரு ஜூலை மாதத்தில் ஒட்டாவாவுக்கோ மொன்றியலுக்கோ ஒரு குறுகிய ஓட்டம் கூட்டிக்கொண்டு போங்கள். கம்பெனி அனுமதிக் கடிதமும் பயணிக் காப்புறுதியும் கையில் இருக்கட்டும். அம்மா என்ன வேலை செய்கிறா என்று பிள்ளை நேரில் பார்ப்பது நல்ல விஷயம். அந்த வயதில் அவன் பூஸ்டர் இல்லாமல் பெல்ட் போடுவான், சொன்னால் கேபினுக்குள் இருப்பான்.

இப்போது செய்ய வேண்டியது: பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன் மாகாணத்தில் பதிவான கல்லூரிதானா என்று பாருங்கள். 2017 ஜூலை முதல் ஒன்ராறியோவில் ஏஇசட்டுக்குக் குறைந்தது 103.5 மணிநேரப் பயிற்சி கட்டாயம், அதற்குக் குறைவாகச் சொல்கிறவரிடம் போகாதீர்கள். வேலை இழந்தவர்களுக்குப் பயிற்சிச் செலவு கொடுக்கும் ‘பெட்டர் ஜொப்ஸ் ஒன்ராறியோ’ திட்டத்துக்கு நீங்கள் தகுதியா என்று பக்கத்து எம்ப்ளோய்மென்ட் சென்ரரில் கேளுங்கள். பயிற்சி தொடங்க முதலே டே கேப் கம்பெனிகள் இரண்டு, மூன்றுக்குப் போன் எடுத்து, புதிய லைசென்ஸ்காரரை எடுப்பீர்களா, காப்புறுதி ஒத்துக்கொள்ளுமா, ஷிப்ட் எத்தனை மணிக்கு, ஊழியராகவா கோப்பரேஷனாகவா என்ற நான்கையும் கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பதில்களோடு வாருங்கள், மகனுடைய பள்ளிக்கூட நேரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எது சரிவரும் என்று சேர்ந்து பார்ப்போம்.