படையல் சமைக்கும் பெண்ணிடமிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள மாணவிக்கு,

'ஆப்பிரிக்க வழிவந்த மதங்களில் பெண்களின் பங்கு' என்ற உங்கள் தலைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அவ்வளவு பரந்த தலைப்பை ஒரு முதுகலை ஆய்வு தாங்காது. பிரேசிலின் சால்வடார் நகரத்துக் கந்தோம்பிளே மதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட யொருபா முதலிய மக்கள் காப்பாற்றி வளர்த்த வழிபாடு அது. அங்குள்ள பழைய கோயில்கள் பலவற்றுக்குப் பெண்களே தலைமை. கந்துவா கோயிலை மெனினின்யா அம்மையார் 1922 முதல் 1986இல் மறையும்வரை நடத்தினார். 1938இல் அங்கே சென்ற அமெரிக்க மானுடவியலாளர் ரூத் லேண்டிஸ், இது பெண்கள் ஆளும் மதம் என்று 1947இல் நூல் எழுதினார். ஆண் தலைவர்களை அவர் கண்டுகொள்ளவில்லை என்று பின்வந்தவர்கள் மறுத்தார்கள். இரு தரப்பையும் படியுங்கள். கோயிலின் தலைவி பெண். தெய்வத்தை அழைக்கும் மூன்று முரசுகளோ மரபுப்படி ஆண்கள் கையில். அப்படியானால் அதிகாரம் யாரிடம்?

இதற்கு விடை தேட, நான் சமையலறையைத்தான் சொல்வேன். ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனிப் படையல் உண்டு. அதைச் சமைக்கும் பொறுப்பு இயாபசே என்னும் பெண்ணுடையது. காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்துச் செம்பனை எண்ணெயில் பொரிக்கும் அகராஜே, இயன்சா தேவிக்கு உரியது. அதையே வெள்ளை உடை உடுத்திய பெண்கள் சால்வடார் தெருக்களில் விற்றுக் குடும்பம் நடத்துகிறார்கள். அந்தத் தொழிலை 2005இல் பிரேசில் அரசு தேசியப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. பக்தியும் பிழைப்பும் ஒரே வாணலியில் இருக்கின்றன. உங்கள் ஆய்வுக்கு இதுவே தாராளம்.

ஒன்றை மறக்காதீர்கள். தீட்சைச் சடங்குகள் ரகசியமானவை. அவற்றைத் துருவிக் கேட்காதீர்கள். 1976 வரை அங்கே கோயில் விழாவுக்குக் காவல்துறையின் அனுமதி வேண்டியிருந்தது. குறிப்பேட்டோடு வரும் அந்நியரைக் கண்டு அவர்கள் தயங்கினால் அது நியாயமே. எழுதியதை வெளியிடுமுன் அவர்களிடம் காட்டுங்கள்.

போர்த்துகீசிய மொழியை இன்றே தொடங்குங்கள். இத்துறையின் பெரும்பகுதி எழுத்து அதில்தான் இருக்கிறது. சால்வடாரில் உள்ள பாயியா பல்கலைக்கழகத்தில் 1959 முதல் இயங்கும் ஆப்பிரிக்க-ஆசிய ஆய்வு மையத்தின் வெளியீடுகளையும் தேடிப் படியுங்கள்.

'இது சோறு போடுமா?' என்று அம்மா கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கவலை சரிதான். இந்தத் தலைப்புக்கென்று யாரும் வேலை விளம்பரம் தரமாட்டார்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கு மானுடவியலில் நெட் தேர்வை இப்போதே எழுதத் தயாராகுங்கள். கூடக் கற்கும் மொழி மொழிபெயர்ப்பு வேலைக்கும் கைகொடுக்கும். அம்மாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். திருத்திய தலைப்பை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.