ஐஸ் பெட்டியில் துடிக்கும் கெளுத்தி

கேள்வி: குளத்தில் திலேப்பியாவும் கெளுத்தியும் வளர்க்கிறேன். பிடித்த மீனை உயிரோடு ஐஸ் பெட்டியில் கொட்டுவதுதான் வழக்கம். கெளுத்தி வெகுநேரம் துடிக்கிறது, பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஐஸ் இருப்பது மீன் கெடாமல் இருக்க, கொல்வதற்கு அல்ல. குளிரில் உடல் விறைத்து அசைவு நின்றாலும் உணர்வு உடனே போய்விடாது. அதிலும் கெளுத்திக்குக் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருக்கிறது. உடம்பில் ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே மணிக்கணக்கில் கிடக்கும். மூச்சு முட்டித் தானே சாகட்டும் என்ற கணக்கு அதனிடம் பலிக்காது. சளி போக உயிரோடு உப்பில் புரட்டுவது இன்னும் மோசம். உலக விலங்கு சுகாதார அமைப்பின் (WOAH) நெறிமுறையும் இவற்றைத் தவிர்க்கத்தான் சொல்கிறது.

முதலில் மயக்கம், உடனே ரத்தம் வடிப்பது, அப்புறம்தான் ஐஸ். ஈரத்துணியால் மீனை அழுத்திப் பிடித்து, கண்களுக்குச் சற்றுப் பின்னால், உச்சந்தலையில் கட்டையால் ஓங்கி ஒரே அடி. மூளை அங்கேதான் இருக்கிறது. கெளுத்தியின் மண்டை ஓடு கெட்டி, அதற்குக் கனமான கட்டை வேண்டும். பாவம் பார்த்து மெல்ல மெல்லத் தட்டுகிறார்களே, அதுதான் பெரிய கொடுமை.

மயங்கிவிட்டதா என்று கண்ணைப் பாருங்கள். மீனை இப்படியும் அப்படியும் புரட்டும்போது உணர்வுள்ள மீனின் விழி எதிர்ப்பக்கம் உருண்டு நிலைக்கப் பார்க்கும். மயங்கிய மீனின் விழி தலையோடு சேர்ந்தே திரும்பும். செவுள் மூடியும் அசையாது. சந்தேகமாக இருந்தால் இன்னொரு அடி. தாமதிக்காமல் செவுளை அறுத்துவிடுங்கள். விட்டால் நினைவு திரும்பக்கூடும்.

முதல் நாளே தீவனத்தை நிறுத்துங்கள், குடல் காலியாகும். வலையில் நெருக்கி வைத்துக் காத்திருக்க வேண்டாம். கையாள முடிகிற அளவு சில மீன்களாக எடுங்கள், மற்றவை காற்றூட்டிய தண்ணீரில் இருக்கட்டும். இதில் உங்களுக்கும் லாபம் உண்டு: துடித்துக் களைத்த மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேரும், சீக்கிரமே விறைக்கும், சதையும் தொளதொளக்கும்.

டன் கணக்கில் பிடிப்பவர்களுக்குக் கட்டை சரிப்படாது. மின்சாரத்தால் மயக்கும் கருவி தேவை. ஆனால் வீட்டு இணைப்பில் கம்பி இழுத்துத் தொட்டியில் விடுகிற வேலை மட்டும் வேண்டாம். மீன் மயங்காமல் துடிக்கும், தண்ணீரில் கை வைக்கிற ஆளுக்கும் உயிர் ஆபத்து.